கனாரிஸ்: கடலிலிருந்து பிரதமர் பதவிக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உதுமானியத் துருக்கியருக்கு எதிரான கிரேக்க விடுதலைப் போரின் வீரர் கான்ஸ்டன்டைன் கனாரிஸைப் பற்றி அண்மையில் படித்தேன். எதிரியின் கப்பலுக்குத் தீ வைத்ததைத் தவிர வேறொன்றும் அறியாத மாலுமியை அந்நாட்டினர் ஏன் மீண்டும் மீண்டும் பிரதமராக்கினார்கள்? இது வெறும் வீரவழிபாடுதானே? அவர் படித்தவரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில காலமாகவே கனாரிஸ் என் சிந்தையில் இருப்பதால் உடனே எழுதுகிறேன். படிப்பைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். அது அவரை அளக்கும் கோல் அல்ல. ஆனால் "தீ வைத்ததைத் தவிர" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! தீக்கப்பல் எப்படிச் செலுத்தப்பட்டது என்று தெரிந்துகொண்டா எழுதினீர்கள்?

பழைய வணிகக் கப்பலொன்றில் தாரும் கந்தகமும் நிரப்பி, காற்று வரும் திசையிலிருந்து இருளில் எதிரியை நெருங்கி, அவன் கப்பலோடு கொக்கிகளால் பிணைத்த பிறகே திரியைக் கொளுத்த வேண்டும். பின்னால் கட்டி இழுத்துவந்த படகில் ஆட்களெல்லாம் இறங்கியபின் தலைவன் இறங்க வேண்டும். சற்று முந்தினால் கப்பல் வீணாக எரியும். சற்றுப் பிந்தினால் அத்தனை பேரும் அதிலேயே மடிவார்கள். ஆத்திரக்காரனால் ஆகிற வேலையா இது? கியோஸ் தீவின் கிரேக்க மக்கள் உதுமானியரால் கொன்று குவிக்கப்பட்ட சில வாரங்களில், 1822 ஜூனில், உதுமானியக் கடற்படைத் தலைவர் காரா அலியின் கப்பலைக் கனாரிஸ் இப்படித்தான் எரித்தார். அதில் மாண்டவர்களை எண்ணியும் என் மனம் கனக்கிறது. அதற்காக அந்த நிதானத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1825-இல் எகிப்தின் அலெக்சாண்டிரியாத் துறைமுகத்தில் எதிரிக் கப்பல்களை எரிக்கச் சென்று காற்று கைவிட்டபோது, முயற்சி தோற்றும் அவர் உயிரோடு திரும்பியதற்கும் அதே நிதானமே துணை நின்றது.

போருக்கு முன் அவர் ப்சாரா தீவின் சரக்குக் கப்பல்காரர். அந்தத் தீவுகளின் வணிகப் பயணங்களில் மாலுமிகளுக்கும் லாபத்தில் பங்கு இருந்ததால், பங்காளிகளான ஆட்களை வெறும் அதட்டலால் நடத்த முடியாது. அரசியலை அவர் அங்கேயே கற்றுவிட்டார் என்பேன். 1824-இல் ப்சாரா உதுமானியரால் அழிந்தது. அவருக்குத் திரும்பிப் போக ஊரில்லை. நாடு விடுதலை பெற்றபின், கிரேக்க மன்னர் ஓட்டோவின் கீழ் 1844-இல் பிரதமரானவரே, 1862-இல் அம்மன்னரை நீக்கிய பின் அமைந்த மூவர் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். மறு ஆண்டு புதிய மன்னரை அழைத்துவர டென்மார்க் சென்ற குழுவிலும் இருந்தார்.

வீரவழிபாடு என்ற உங்கள் சொல்லுக்கு 1877-ஐப் பதிலாகத் தருகிறேன். ரஷ்ய–துருக்கியப் போர் மூண்ட அந்த ஆண்டில், ஒருவரையொருவர் வீழ்த்துவதிலேயே காலம் கழித்த திரிகூப்பிஸ், கூமுந்தூரோஸ், தெலிகியான்னிஸ் ஆகிய அரசியல் தலைவர்கள் ஒரே அமைச்சரவையில் அமர இசைந்தது, எண்பதைக் கடந்த இம்முதியவரின் தலைமையில்தான். அவர் பதவியிலிருந்தபடியே செப்டம்பரில் இறந்தார். அந்த அமைச்சரவை அதற்குப் பின்னும் சில மாதங்கள் நீடித்தது. அந்த ஆண்டின் வரலாற்றைப் பொறுமையாகப் படியுங்கள், எஸ். படித்த பிறகும் உங்கள் எண்ணம் மாறவில்லையென்றால் காரணங்களோடு எழுதுங்கள், வாதிடக் காத்திருக்கிறேன்.