லீவு மென்பொருளில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி லீவுக் கணக்கு வைப்பது எப்படி?

பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கடையும் அலுவலகமுமாக 30 பேர் வேலை செய்யும் இடம். புதிதாக லீவு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கெசுவல் லீவு என்று ஒரே அச்சில் போட்டுவிட்டது. உண்மையில் ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. ஒவ்வொருவரின் எண்ணையும் கையால் திருத்திக்கொண்டு போவதா, ஆளுக்கொரு தனி விதிக் குழு திறப்பதா என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் செய்யாதீர்கள். ஹட்டன் பக்கம் மூன்று கடையும் ஒரு களஞ்சியமும் வைத்திருக்கும் நிறுவனத்தில் 9 வருடமாகச் சம்பளமும் லீவும் என் பொறுப்பு. 46 பேர். நீங்கள் கேட்ட இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பொது விதியை அப்படியே விடுங்கள். ஒருவருக்கு அதிலிருந்து எத்தனை நாள் கூடுகிறதோ குறைகிறதோ, அதை மட்டும் அவர் பெயரில் தனி வரியாக, திகதியும் காரணமும் எழுதிப் பதியுங்கள். அநேகமான மென்பொருள்களில் இதற்கு ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஓர் இடம் இருக்கும். மொத்த நாட்களைக் காட்டும் எண்ணை அழித்து எழுதவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் களஞ்சியத்தில் 26 வருடம் வேலை செய்யும் ஸ்டோர் கீப்பர் ஒருவர் இருக்கிறார். பழைய முதலாளி காலத்திலேயே அவருக்கு வருடத்துக்கு 18 நாள் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். மென்பொருள் வந்த வருடம் அவர் பெயரைத் திறந்து, 14ஐ அழித்து 18 என்று அடித்தோம். அடுத்த ஜனவரி முதலாம் திகதி மென்பொருள் புது வருடக் கணக்கைத் திறந்தபோது பொது விதியை மறுபடி எல்லாருக்கும் போட்டது. 18 போய் 14 வந்துவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. ஆவணி மாதம் மகளின் கலியாணத்துக்கு லீவு கேட்டு அவர் வந்து நின்றபோதுதான் திரையைத் திறந்து பார்த்தேன்.

“தங்கச்சி, எனக்கு இன்னும் ஆறு நாள் இருக்கணுமே.”

“ரெண்டு நாள்தான் காட்டுது அண்ணே.”

அவர் சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஓரம் மடங்கி, வியர்வையில் ஊறிய கொப்பி. எடுத்த ஒவ்வொரு லீவும் நீல மையில் திகதி போட்டு எழுதியிருந்தது. மொத்தம் 12 நாள். என் திரையிலும் அதே 12 நாள், அதே திகதிகள். ஆகவே பிழை அவர் எடுத்த லீவில் இல்லை, நாங்கள் கொடுத்த லீவில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போனது. 18 என்ற எண் எங்கிருந்து வந்தது, யார் போட்டது, எப்போது போட்டது என்பதற்கு மென்பொருளில் ஒரு தடயமும் இல்லை. பழைய கோப்புகளைக் கிண்டித்தான் கடிதத்தை எடுத்தேன்.

இப்போது அவர் பெயரில் பொது விதி 14 ஆகவே இருக்கிறது. அதன் கீழே ‘+4, ஒவ்வொரு வருடமும், நியமனக் கடிதப்படி’ என்று ஒரு வரி. கடிதத்தைப் படம் எடுத்து அந்த வரியோடு சேர்த்தும் வைத்திருக்கிறேன். நாளைக்கு என் கதிரையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தாலும் அந்த நான்கு நாள் எங்கும் போகாது. உங்கள் மென்பொருளில் அட்ஜஸ்ட்மென்டை வருடாவருடம் தானாகத் திரும்பப் போடும் வசதி இல்லையென்றால், டிசம்பர் கடைசியில் பழைய வரிகளை ஒரு எக்செல் தாளில் இறக்கி, ஜனவரியில் மறுபடி ஏற்றுங்கள். 30 பேருக்கு அரை மணி நேர வேலை.

சலுகை வாங்கியவர்களுக்கு மட்டும்தான் தனிக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அது தேவை. வெளிநாட்டுப் பழக்கத்தில் செய்த மென்பொருள் இங்கேதான் நம்மைச் சறுக்கவிடும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. அடுத்த வருடம் எத்தனை நாள் என்பது சேர்ந்த திகதியைப் பொறுத்தது. ஜனவரியிலிருந்து மார்ச் முடிவதற்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை என்றால் 10, ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து எல்லாருக்கும் 14. கெசுவல் லீவு முதல் வருடத்தில், முழுதாக முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். பிறகு வருடத்துக்கு 7.

எங்கள் கடையில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருவர் ஜூன் 28, மற்றவர் ஜூலை 3. மென்பொருள் மீதி நாட்களை விகிதப்படி பிரித்து இரண்டு பேருக்கும் அந்த வருடமே 7 நாள் வருடாந்த லீவு கொடுத்தது, அடுத்த வருடத்துக்கு ஆளுக்கு 14. சட்டப்படி அந்த வருடம் இருவருக்கும் வருடாந்த லீவே இல்லை. அடுத்த வருடம் ஒருவருக்கு 10, மற்றவருக்கு 7. கெசுவல் லீவிலும் அந்த ஐந்து நாள் வித்தியாசம் தெரியும்: டிசம்பர் முடிவதற்குள் ஒருவருக்கு மூன்று இரண்டு மாதங்கள் நிறைந்துவிட்டன, மற்றவருக்கு இரண்டுதான். ஆகவே 3 நாளும் 2 நாளும். பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற பிள்ளைகள். “அவளுக்கு மட்டும் ஏன் கூட?” என்ற கேள்வி எப்படியும் வரும். அதனால் விகிதக் கணக்கை நிறுத்திவிட்டு, புதியவர்களுக்கு முதல் இரண்டு வருடத்தையும் நானே வரி வரியாகப் பதிகிறேன். காரணம் என்ற இடத்தில் சேர்ந்த திகதியையும் எழுதிவிடுவேன். கேட்டால் அந்த வரியைக் காட்டினால் போதும். உங்களிடம், தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பள நிர்ணய சபைகளின் கீழ் வரும் ஆட்களும் இருந்தால் அவர்களுக்கு விதி வேறு. தனிக் குழு திறக்கவேண்டிய இடம் அதுதான்.

லீவு நாட்களைச் சரியாகப் போட்டும் கழிக்கிற கணக்கு பிழைத்தால் பயனில்லை. ஒவ்வொருவரும் எந்த நாட்களில் வேலை செய்கிறார் என்பதை அவரவர் பெயரில் பதியுங்கள். சும்மா விட்டால் மென்பொருள் திங்கள் முதல் வெள்ளி வரை என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்துக்குச் சனிக்கிழமை அரை நாள். கடையில் சிலருக்கு அந்த அரை நாள் ஓய்வு புதன்கிழமை. ஒருவர் திங்களிலிருந்து சனி வரை லீவு எடுத்தால் ஐந்தரை நாள் கழிய வேண்டும், ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை.

பிரசவ லீவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மென்பொருளிடம் விடாதீர்கள். அது 84 நாள். கடை, அலுவலகச் சட்டத்தில் வாராந்த ஓய்வு நாள், போயா நாள், சட்டரீதியான விடுமுறை நாள் எதுவும் அந்த 84க்குள் அடங்காது. எங்கள் தலவாக்கலைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கு மென்பொருள் ஞாயிறும் போயாவும் சேர்த்து எண்ணி, 12 வாரத்தில் திரும்பி வரவேண்டிய திகதியைக் காட்டியது. கடிதம் அனுப்புவதற்கு முன்பு நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் அவளுக்குக் குறைந்துபோயிருந்தது. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு அந்த இரண்டு வாரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்று இருந்த விதி 2018 திருத்தத்தோடு போய்விட்டது, இப்போது எத்தனையாவது பிள்ளைக்கும் 84தான். உங்கள் பழைய எக்செல் தாளிலிருந்து விதிகளை ஏற்றியிருந்தால் அந்த 42 இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரசவ லீவு தனி வகையாகவே இருக்கட்டும், 14ஐயும் 7ஐயும் அது தொடக்கூடாது.

விடுமுறை நாட்காட்டிக்கு வருவோம். ‘இலங்கை’ என்று தெரிவு செய்தால் மென்பொருள் அரசாங்க விடுமுறை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். நமக்குச் சட்டப்படி உரியவை போயா நாட்களும் அதற்கு மேல் எட்டு நாட்களும்தான்: தைப்பொங்கல், சுதந்திர தினம், மீலாத் நபி, சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், நத்தார். தீபாவளி அதில் இல்லை. மலையகத்தில் தீபாவளிக்கு லீவு இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ரம்ஸானும் இல்லை, பெரிய வெள்ளியும் இல்லை. முன்பெல்லாம் தீபாவளிக்கு வராதவர்களின் கெசுவலில் ஒரு நாள் வெட்டுவோம். வெட்டும்போது எனக்கே மனம் கேட்காது. முதலாளியிடம் பேசி ‘பண்டிகை லீவு’ என்று ஒரு வகை திறந்தோம். ஆளுக்கு ஒரு நாள், எந்த நாள் என்று அவரவரே வருட ஆரம்பத்தில் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அது வந்த பிறகு தீபாவளிக்கு யார் கடையில் நிற்பது என்ற இழுபறி நின்றுவிட்டது.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள் ஹட்டன் டவுனில் கால் வைக்க இடம் இருக்காது. கடையைத் திறந்தே ஆக வேண்டும். அன்று வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்கவேண்டும், அல்லது டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு வேறொரு நாள் கொடுக்கவேண்டும். அந்தப் பதில் நாளையும் அன்று வேலை செய்தவர்கள் பெயரில் மட்டும் ‘+1’ என்று, காலாவதித் திகதியோடு பதியுங்கள். திகதி போடாவிட்டால் மறந்துபோகும், மறந்தால் நட்டம் அவருக்கு. மழைக்காலத்தில் மண் சரிந்து வீதி அடைபட்டு வரமுடியாமல் போனவர்களுக்கும் இதே மாதிரி, அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களை மட்டும் ஒன்றாகத் தெரிவு செய்து ஒரே வரியைப் போடலாம். முதலாளி வாயால் சொன்னதை அன்றைக்கே பதிந்துவிடுங்கள். மாத முடிவில் சம்பளம் போடும்போது அது நினைவிலிருக்காது, நோ பே என்று வெட்டுப்பட்டுவிடும்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகு கட்டாயம் செய்யவேண்டிய ஒன்று: அவரவர் கணக்கை அவரவர் பார்க்கும் வழியைத் திறந்துவிடுங்கள். எத்தனை நாள் மீதி என்பது மட்டும் போதாது, மேலே சொன்ன வரிகளும் தெரியவேண்டும். சில நிறுவனங்கள் இதைப் பூட்டி வைக்கின்றன, கேள்வி வரும் என்று பயம். வரட்டும். என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் எது முழுப்பேர், எது அரைப்பேர் என்று சம்பள நாள் வரை அம்மாவுக்குத் தெரியாது. லயத்துக் காம்பிரா சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுவார். மாதக் கடைசியில் அவருடைய கோடுகளும் செக்ரோலும் ஒத்துவராவிட்டால், செக்ரோல்தான் சரி. அதற்கு மேல் பேச்சே இல்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த நான், இன்னொருவர் உழைத்துச் சேர்த்த நாளை அவர் கண்ணுக்கு மறைத்து வைக்கமாட்டேன்.

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் போனில் அந்த ஆப்பைத் திறப்பதில்லை. சிலரிடம் பட்டன் போன்தான். அதனால் மாதச் சம்பளச் சீட்டின் அடியில் லீவுக் கணக்கையும் அச்சடிக்கிறேன்: கொடுத்தது, கூட்டியது, குறைத்தது, எடுத்தது, மீதி. மென்பொருளிலிருந்து அறிக்கையை இறக்கிச் சீட்டோடு இணைக்க ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஸ்டோர் கீப்பர் அண்ணன் இன்னும் கொப்பியை விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்டதில்லை. சம்பள நாளில் சீட்டை வாங்கியதும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, வரி வரியாக ஒத்துப் பார்ப்பார். போன தை மாதம் மேலே வந்து சீட்டை நீட்டினார்.

“தங்கச்சி, அந்தச் சனிக்கிழமைய முழு நாளா வெட்டிட்டீங்க. அரை நாள்தானே?”

பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. களஞ்சியத்து ஆட்களின் வேலை நாட்களை மாற்றிப் பதிந்தபோது அவர் பெயர் விடுபட்டிருந்தது. அவர் நிற்கும்போதே ‘+0.5, சனி அரை நாள், திருத்தம்’ என்று அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் கொப்பியில் அந்தத் திகதிக்கு நேராக ஒரு சரி போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.