தி பாட்டனிஸ்ட் ஜின்: வாசனையும் குணமும் – கேள்வி பதில்

கிளாஸ்கோவில் மதுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு ஜின்னை முகர்ந்து, ருசித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் புரூக்லாடி வடிசாலை காய்ச்சும் ‘தி பாட்டனிஸ்ட்’ பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

31 மூலிகை என்று சொல்கிறார்கள். அத்தனையும் நாக்கில் தெரியுமா? (மதுரை)

தெரியாது. தெரியவும் கூடாது. கதம்பச் சரத்தை எட்ட இருந்து முகர்ந்தால் ஒரே வாசனைதான். கிட்டே கொண்டுவந்தால் மரிக்கொழுந்து தனியாக எழும், பிறகு மல்லிகை. இதுவும் அப்படித்தான்.

முதலில் 31-ஐ இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 9 சரக்குகள் பெரும்பாலான ஜின்களில் இருப்பவை: ஜூனிபர் காய், மல்லி விதை, ஏஞ்சலிகா வேர், ஐரிஸ் கிழங்கு, அதிமதுரம், இலவங்கப்பட்டை, அதன் உறவான கேசியா பட்டை, எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல். உடம்பும் எலும்பும் இவைதான். மீதி 22 ஐலா தீவிலேயே கையால் பறிப்பவை. புதினா வகை மட்டும் மூன்று. அப்புறம் தைம், எலுமிச்சை வாசனை அடிக்கும் மெலிசா இலை, சீமைச்சாமந்தி, ஹெதர் பூ, எல்டர் பூ, இரண்டு நிற க்ளோவர் பூக்கள் என்று போகும். மக்வொர்ட் என்ற இலையும் உண்டு. அது நம் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய உறவுச் செடி.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் புதினாவும் பூக்களும் வரும். வாயில் வைத்ததும் ஜூனிபரும் ஆரஞ்சுத் தோலும். நடுவில் தேன் கலந்த காய்ந்த புல் மாதிரி ஒன்று வரும். விழுங்கிய பிறகு பட்டையின் சூடு மெதுவாக ஏறும். இந்த வரிசைதான் இந்த ஜின்னின் குணம் என்பேன். ஒரே மடக்கில் குடித்தால் வரிசை போய்விடும்.

ஜூனிபர் எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லை. (தஞ்சாவூர்)

பட்டாணி அளவு, கருநீலம். நகத்தால் கீறினால் கொடைக்கானல் பைன் காட்டில் அடிக்கிற பிசின் வாசனை வரும். பழம் மாதிரி தெரிந்தாலும் அது ஊசியிலைச் செடி ஒன்றின் சதைப்பற்றான கூம்பு. முற்ற இரண்டு மூன்று வருஷம் ஆகும். இந்த வாசனை முன்னால் நிற்காவிட்டால் அதை ஜின் என்றே சொல்ல முடியாது. ஐரோப்பியச் சட்டமும் ஜூனிபர்தான் மேலோங்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. பாட்டனிஸ்ட் 46 சதவீதம். வாசனை எண்ணெய்களைத் தாங்கிப் பிடிக்க அந்த வலு உதவுகிறது.

ஐலா என்றாலே புகை வாசனை விஸ்கிதானே? இதிலும் புகை அடிக்குமா? (சிங்கப்பூர்)

அடிக்காது. விஸ்கியில் வரும் புகை, பார்லியைச் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற கரி மண்ணை எரித்து உலர்த்துவதால் வருவது. இங்கே அடிப்படை கோதுமையிலிருந்து எடுத்த மணமற்ற சாராயம். மரப்பீப்பாயில் ஊறவைப்பதும் கிடையாது.

பாம்பே சஃபையர் குடித்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (சென்னை)

நல்ல கேள்வி. பாம்பே சஃபையரில் 10 சரக்குகள். நம் வால்மிளகும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் கூடையில் வைத்து, சாராய ஆவி அவற்றின் ஊடாகப் போகும்படி செய்கிறார்கள். அதனால் இலேசாக இருக்கும்.

பாட்டனிஸ்டில் இரண்டு முறையும் சேர்கிறது. வேர், பட்டை, விதை, தோல் எல்லாம் சாராயத்திலேயே ஊறிக் கொதிக்கின்றன. கெட்டியான சரக்குக்கு அந்தச் சூடு வேண்டும். தீவின் இலைகளையும் பூக்களையும் அப்படிக் கொதிக்கவிட்டால் வெந்த கீரை வாசனைதான் மிஞ்சும். அதனால் அவை ஆவி போகும் வழியில் தனிக் கூடையில் இருக்கும். குறைந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 17 மணி நேரம் நிதானமாகக் காய்ச்சுகிறார்கள். அந்தப் பாத்திரத்துக்கு ‘அக்லி பெட்டி’ என்று செல்லப்பெயர். அழகில்லாத பெட்டி என்று அர்த்தம், பெட்டி என்பது பெண் பெயர். லோமண்ட் என்ற வடிகல வகை. டம்பார்ட்டனில் மூடப்பட்ட இன்வர்லெவன் விஸ்கி ஆலையிலிருந்து வந்தது. சாதாரண வடிகலத்துக்கு அன்னக் கழுத்து இருக்கும், இதற்கோ அண்டாவைக் கவிழ்த்து வைத்தது மாதிரி தடித்த கழுத்து. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது!

அந்தத் தீவுச் செடிகளில் உங்களுக்குப் பிடித்தது? (யாழ்ப்பாணம்)

கோர்ஸ். ஒரு மே மாதம் ஐலா போயிருந்தேன். சாலையோரமெல்லாம் முள் புதர், முழுக்க மஞ்சள் பூ. ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கினேன். தேங்காய் துருவும்போது எழுகிற அதே வாசனை! கடல் காற்று அடிக்கிற அந்தக் குளிரில் அப்படியே நின்றுவிட்டேன். கிளாஸில் அது தேங்காயாக வராது, நாக்கில் ஒரு வழவழப்பாகத்தான் எனக்குத் தெரிகிறது. ஸ்வீட் சிசிலி என்ற இலையையும் சொல்ல வேண்டும். மென்றால் சோம்பேதான்.

எதில் கலந்து குடிக்கலாம்? (துபாய்)

முதல் வாய் எதிலும் கலக்காமல், ஐஸ் இல்லாமல், நாலைந்து சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டு. குளிர் வாசனையைக் கட்டிப்போடும். பிறகு டானிக் (மருந்தில்லை, கசப்பான சோடா) சேர்ப்பதானால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு, இனிப்பு குறைந்ததாக. டானிக்கின் கசப்பு சிங்கோனா பட்டையின் குயினைன். ஜூனிபரோடு அது நன்றாகப் பொருந்தும். ஒரு தடவை ஒரு ஹோட்டலில் இதே ஜின்னைக் கிளாஸ் நிறைய எலுமிச்சை சோடா ஊற்றிக் கொடுத்தார்கள். குனிந்து குனிந்து கையால் பறித்த பூவெல்லாம் சர்க்கரையில் மூழ்கிப் போனதே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

வேறொரு ஜின்னில் தண்ணீர் விட்டதும் கலங்கிவிட்டது. கெட்டுப்போனதா? (கோவை)

இல்லை. ஜூனிபர், எலுமிச்சைத் தோல் எண்ணெய்கள் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடினால் திவலையாகப் பிரிந்து வெண்மை தட்டும். சரக்கைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூலிகைதானே, உடம்புக்கு நல்லதா? (திருச்சி)

நல்லதில்லை. அந்த மூலிகையெல்லாம் வாசனைக்கு மட்டும். 46 சதவீத ஆல்கஹால் எதில் இருந்தாலும் ஆல்கஹால்தான். மருந்து என்று நினைத்து யாரும் தொட வேண்டாம்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? (பெங்களூரு)

கெடாது. ஆனால் பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று கூடும், முதலில் போவது பூ வாசனை. வெயில் படாத அலமாரியில் மூடியை இறுக்கி நிறுத்தி வையுங்கள். கடைசிக் கால் பாட்டிலை இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், நல்ல கூட்டாளி யாராவது வரும்போது.