கை காட்டினால் நிற்கும் ரயில்

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் மிகக் குறைவான பேர் ஏறி இறங்கும் ஸ்டேஷன்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வாரக்கடைசிகளில் ஒவ்வொன்றாகப் போய் வருகிறேன். பெரும்பாலும் கேட்டால்தான் ரயில் நிற்கும் இடங்கள். எங்கேயும் ஒரு ஆள்கூட இல்லை. இவற்றை மூடாமல் வைத்திருப்பது வீண் செலவு இல்லையா? அடுத்து எங்கே போகலாம்?

க.

அன்புள்ள க.,

செலவுக் கணக்கை விடுங்கள். அங்கே ஒரு ஸ்டேஷனைச் சட்டப்படி மூடுவதே பெரிய வேலை. உங்கள் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் டென்டன் ஸ்டேஷனில், மூடும் வம்பைத் தவிர்க்க வாரத்துக்கு ஒருநாள் பேருக்கு ரயில் விடுகிறார்களே, அந்தக் கதைதான்.

என்னைப் பல நாளாக உறுத்துவது அந்தப் பட்டியல். நார்ஃபோக்கில் பெர்னி ஆர்ம்ஸ் என்று ஒரு ஸ்டேஷன், அங்கே போகச் சாலையே கிடையாது. 2019-20 கணக்கில் 42 பயணிகள், நாட்டிலேயே கடைசி. அந்த வருடத்தில் பெரும்பகுதி சிக்னல் வேலைக்காக அந்தப் பாதையையே மூடிவைத்திருந்தார்கள் ஐயா! ரயிலே வராத இடத்தில் யார் வந்து இறங்குவார்? அதுவும் தலை எண்ணி எடுத்த கணக்கில்லை, பெரும்பாலும் டிக்கெட் விற்பனையை வைத்துப் போடும் மதிப்பீடு. தள்ளியிருக்கும் ஊர் வரை டிக்கெட் வைத்திருப்பவர் நடுவில் இறங்கிக்கொண்டால் கணக்கில் அவர் இறங்கவே இல்லை. அப்புறம், கடைசி என்று பெயர் வந்ததும் உங்களைப் போல நாலு பேர் கிளம்பி வருவீர்கள், அடுத்த வருடம் எண் ஏறும். அந்த ஊரில் என்ன மாறியது? உங்களை நீங்களே எண்ணிக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இறங்கி, பெயர்ப்பலகையைப் படமெடுத்து, அடுத்த ரயிலுக்குக் கை காட்டியிருப்பீர்கள். ஒரு மைல் நடந்தீர்களா? ஸ்காட்லாந்தின் வடகோடிப் பாதையில் ஒரு குளிர்கால மாலை, எனக்கு எதிரே ஒரு அம்மாள் காலடியில் இரண்டு கடைப்பைகளோடு உட்கார்ந்திருந்தார். கார்டு வந்தார். எங்கே இறங்கவேண்டும் என்று அவரைக் கேட்கவில்லை, "முன்பெட்டிக்கு வந்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லி ஒரு பையைத் தானே தூக்கிக்கொண்டார். வெளியே கும்மிருட்டில் ஒரு காரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஸ்டேஷனும் உங்கள் பட்டியலில் எங்கோ அடியில்தான் இருக்கும். பகலில் போய்ப் பத்து நிமிடம் நின்றிருந்தால் நீங்கள் அங்கும் யாரையும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதற்காகவே ரயில் அங்கெல்லாம் வேகத்தைக் குறைக்கும். இப்போது சில இடங்களில் அழுத்துவதற்குப் பொத்தான் வைத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

அடுத்து எங்கே என்றால், பெர்னி ஆர்ம்ஸுக்கே போங்கள், ஏற்கெனவே போயிருந்தாலும். 1844இல் திறந்த அந்தப் பாதைக்கு நிலம் கொடுத்தவர், இங்கே ஸ்டேஷன் வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார். புல்வெளியைத் தாண்டி யேர் ஆற்றங்கரைக்குப் போனால் ஒரு காற்றாலை. முதலில் சிமென்ட் அரைத்தது, பிறகு சதுப்பு நிலத்துத் தண்ணீரை இறைத்தது. அங்கிருந்து கிரேட் யார்மத் வரை நடைபாதை இருக்கிறது. எதிரே வருகிறவரிடம் நின்று பேசுங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு. கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நடைமேடை குட்டி. தண்ணீர் எடுத்துப் போங்கள், கடை கிடையாது.