டெக்சஸில் பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்காக வழக்குப் போட்டிருக்கிறார்கள். கட்டப் பணம் இல்லை. பதில் போடாமல் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சம்மன் கைக்கு வந்து ஆறு நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிமன்றம்), சம்மன் கிடைத்த நாளிலிருந்து 14ஆம் நாள் முடிவதற்குள் எழுத்து மூலம் பதில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. தவறினால், வாதி கொடுத்த ஒரு சத்தியப் பிரமாணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, விசாரணையே இல்லாமல் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பு எழுதிவிட முடியும். இப்படிப்பட்ட கடனுக்காக டெக்சஸில் சம்பளத்தை முதலாளியிடமிருந்து பிடித்தம் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதே சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகு, தீர்ப்பைக் காட்டி அந்தக் கணக்கை முடக்க முடியும்.

2023 மார்ச்சில் எனக்கும் இதே நிலைதான். 2019இல் வேலை போனபோது கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தியிருந்தேன். வழக்குப் போட்டது அந்த வங்கி அல்ல. பெயரையே நான் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம். இவர்கள் வாராக் கடன்களை மொத்தமாக வாங்குகிறவர்கள். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் (FTC) 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு டாலர் கடனுக்கு இவர்கள் சராசரியாகக் கொடுக்கும் விலை ஏறக்குறைய 4 சென்ட்.

பதிலில் என்ன எழுதுவது என்பதைவிட, எழுதலாமா என்பதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. வாங்கிய கடனை இல்லையென்று சொல்வது பொய்யாகாதா என்று என் மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. வாதியின் கூற்றுகள் அனைத்தையும் மறுக்கிறேன் என்ற பொது மறுப்பு, நான் கார்டு வாங்கவே இல்லை என்று சொல்வதாகாது என்பதைச் சட்ட உதவி மையத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் விளக்கிய பிறகே எனக்குத் தெளிந்தது. இந்தத் தொகை சரியானதா, இந்தக் கடன் இந்த நிறுவனத்துக்குத்தான் சொந்தமா என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. அதை நிரூபியுங்கள் என்று கேட்பதற்கு மட்டுமே அந்த மறுப்பு. ஜஸ்டிஸ் கோர்ட்டில் அந்த ஒரு வாக்கியமே போதும். காரணங்களை விசாரணையின்போது சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்ததாக, பிராதுடன் இணைத்திருக்கும் தாள்களை மேசையில் பரப்பி வைத்துப் படியுங்கள். முதலில் கடன் கொடுத்த வங்கி, தெரிந்திருந்தால் தவணை தவறிய அல்லது வாராக் கடனாக எழுதித் தள்ளிய தேதி, கடன் கைமாறிய தேதி, இடையில் வைத்திருந்த ஒவ்வொருவரின் பெயர் ஆகியவற்றைப் பிராதில் குறிப்பிட வேண்டும் என்பது டெக்சஸ் விதி. என் வழக்கில் கடன் இரண்டு முறை விற்கப்பட்டிருந்தது. முதல் விற்பனைப் பத்திரம் ஒரே ஒரு பக்கம். "இணைப்பில் கண்ட கணக்குகள்" விற்கப்பட்டன என்று அதில் இருந்தது, இணைப்பைக் காணவில்லை. என் பெயரோ, கணக்கின் கடைசி நான்கு இலக்கமோ அந்தப் பத்திரத்தில் எங்குமே இல்லை. சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்திட்டவர் கடனை வாங்கிய நிறுவனத்தின் ஊழியர். வங்கியின் பதிவேடுகளை அவர் பராமரித்தவர் அல்ல.

தவணை தவறிய தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நான்கு ஆண்டு கடந்த பிறகே வழக்குப் போட்டிருந்தால் காலாவதி என்ற வாதமே முதன்மையானது. காலாவதியான கடனுக்கு இடையில் சிறு தொகை கட்டியிருந்தாலும், கடனை வாங்கிய நிறுவனத்துக்கு அதனால் புதிய உரிமை பிறக்காது என்று 2019 செப்டம்பர் முதல் டெக்சஸ் சட்டம் சொல்கிறது. என் கடன் நான்கு ஆண்டுக்குள் இருந்ததால் அந்த வழி எனக்கு இல்லை.

விசாரணை அதிகாரி போலப் பேசிக் கைது வாரண்ட் வரும் என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால் அஞ்ச வேண்டாம். கடனுக்காக யாரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று டெக்சஸ் அரசியலமைப்பிலேயே இருக்கிறது; வசூல் நிறுவனங்கள் அப்படி மிரட்டுவதை 1977ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

அவர்களிடம் எல்லா ஆவணமும் சரியாக இருந்து, தொகையும் சரியென்றால், பேசித் தீர்ப்பதுதான் முறை என்பேன். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். தள்ளுபடி செய்யும் தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், அது வருமானமாக வரித்துறைக்குத் தெரிவிக்கப்படலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விசாரணை நாளன்று அந்த ஒற்றைப் பக்கத்தை நீதிபதியிடம் நீட்டி, இதில் என் கணக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாய்தா கேட்டார்; அடுத்த வாய்தாவுக்கு முன்பே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீண்டும் தொடுக்க உரிமை வைத்துக்கொண்டுதான் திரும்பப் பெற்றார்கள் என்பதால், காலவரம்பு முடியும்வரை அந்தக் கோப்பை அலமாரியிலிருந்து நான் அப்புறப்படுத்தவில்லை. உங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நாளையே பதிலைத் தாக்கல் செய்து, உங்கள் நகலில் கோர்ட் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகலை வாதியின் வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய ரசீதை அதனுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.