இரட்டைக் கோட்டில் ஏன் தாண்டக்கூடாது? மலைநாட்டுச் சாரதிகளின் கேள்விகளுக்குப் பதில்

ஹட்டன் – நுவரெலியா வீதியில் பல வருடங்கள் லொறி ஓட்டிவிட்டு, இப்போது சாரதிப் பயிற்சி கொடுக்கிறேன். வீதிக்கோடுகள், வாகனம் நிறுத்துதல் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆட்டோ சாரதி: அண்ணன், முன்னால் கொழுந்து லொறி ஊர்ந்து போகிறது. நடுவில் இரட்டைக் கோடு. எதிரே ஒன்றுமே தெரியவில்லை. தாண்டினால் என்ன?

எதிரே ஒன்றும் தெரியவில்லை என்பதால்தான் தம்பி அங்கே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். வளைவுக்கு அப்பால் பஸ் வருகிறதா என்று உங்கள் கண்ணுக்கு எட்டாத இடம் அது. தொடர்ச்சியான இரட்டை வெள்ளைக் கோட்டை இரு பக்கத்தாரும் கடக்கக்கூடாது. ஒன்று துண்டாகவும் மற்றது தொடராகவும் இருந்தால், உங்கள் பக்கத்துக் கோட்டைப் பாருங்கள். அது துண்டுக் கோடென்றால் பாதை தெளிவாக இருக்கும்போது தாண்டலாம். தொடர்கோடென்றால் லொறிக்குப் பின்னாலேயே வாருங்கள். துண்டுக் கோடு வந்த உடனேயும் வெளியே எடுக்காதீர்கள். ஏற்றத்தில் ஆட்டோவின் இழுவை குறைவு, தாண்டி முடிக்க நீங்கள் நினைப்பதைவிட அதிக தூரம் தேவைப்படும்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர்: டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஒரு வளைவில் ஐந்து நிமிடம் காரை நிறுத்தினேன். தடைப் பலகை எதுவும் இல்லை. பொலிஸார் ஏன் கடிந்துகொண்டார்கள்?

ஐயா, பலகை இல்லாத இடமெல்லாம் நிறுத்தும் இடமாகிவிடாது. வளைவு, பாலம், சந்தி, பாதசாரிக் கடவையின் அருகு ஆகிய இடங்களில் பலகை இல்லாவிட்டாலும் நிறுத்தக்கூடாது. நீங்கள் காரைப் பாதி மண்ணில் இறக்கியிருந்தாலும், பின்னால் வரும் பஸ்ஸுக்கு மீதி வீதி போதாது. அது இரட்டைக் கோட்டைத் தாண்டித்தான் உங்களைச் சுற்றிப் போக வேண்டும். நிறுத்தியது நீங்கள், எதிரே வருபவன்மேல் மோதப்போவது இன்னொருவர்.

றம்பொடைப் பக்கம் ஒரு மாலை, பனிமூட்டத்தில் சுமையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு வேன் விளக்கில்லாமல் நின்றது. சுமை லொறியை அந்தத் தூரத்தில் நிறுத்த முடியவில்லை, கோட்டைத் தாண்டினேன். எதிரே வந்த பஸ் ஒரு கை தூரத்தில் நின்றது. பஸ் ஜன்னல்களில் தெரிந்த முகங்களை இன்றும் மறக்கவில்லை. நீர்வீழ்ச்சியைப் பார்க்க அகலமாக ஒதுங்க இடமிருக்கும் வரை ஓட்டிப் போய், அங்கே இறங்கிப் பாருங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு கடைக்காரர்: நீல வட்டப் பலகையில் சில இடத்தில் ஒரு சிவப்புக் கோடு, சில இடத்தில் இரண்டு. என்ன வித்தியாசம்?

ஒரு கோடென்றால் வாகனத்தைத் தரித்து வைக்கக்கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே போய்விடலாம். இரண்டு கோடுகள் குறுக்காக இருந்தால் அதற்கும் நிறுத்தக்கூடாது.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் வீட்டுப் பாதை நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக் மட்டும் போதாதா அண்ணன்?

போதாது தங்கச்சி. கம்பி தளர்ந்தால் அது பிடிக்காது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டியை முதலாவது கியரிலும், இறக்கத்தைப் பார்த்து நிற்பதை ரிவர்ஸ் கியரிலும் போட்டு வையுங்கள். அதன் பிறகு முன்சக்கரங்களைத் திருப்ப வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம். ஏற்றத்தைப் பார்த்து நின்றால், ஓரத்தில் கட்டுக்கல் (வீதி விளிம்பில் உயர்த்திக் கட்டிய கல்) இருக்கும்போது வலப்பக்கம், கல் இல்லாவிட்டால் இடப்பக்கம். வண்டி நழுவினாலும் நடு வீதிக்கு ஓடாமல் ஓரத்தில் முட்டி நிற்கும்.

ஆனால் இது இடப்பக்கம் மலையோ வடிகானோ இருக்கும்போது சரி. இடப்பக்கம் பள்ளமென்றால் சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் ஆபத்துத்தான், அங்கே நிறுத்தவே வேண்டாம். சுமையுள்ள வாகனமென்றால் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது தெரியாது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வேன் சாரதி: ஒடுங்கிய தோட்டப் பாதையில் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?

இறங்கி வருபவர்தான். ஏறுகிறவர் நின்றுவிட்டால் சுமையோடு மறுபடி கிளப்புவது கடினம், வண்டி பின்னால் நழுவும். மேலே இருந்து வரும் உங்களுக்கு அவர் தெரிந்ததுமே, ஒதுங்க இடமுள்ள இடத்தில் நின்று காத்திருங்கள்.