வார இறுதியில் மட்டும் சைக்கிள் ஓட்டும் ஒருவரால் ஸ்பெயின் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிவர முடியுமா?

முடியும். வயது 46, மலையேற்றம் என்றால் பயம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் போனபோது எனக்கு 47, வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. பழக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை இருபது கிலோமீட்டர்தான். அந்த லட்சணத்தில் தெற்கே ஆண்டலூசியாவின் மலைக் கிராமங்களை ஆறு நாள் சுற்றிவிட்டு முழுசாகத் திரும்பினேன். இரண்டு இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளினேன். ஒரு தடவை பசியில் கண் இருட்டியது. முழங்கால் கடைசிவரை ஒத்துழைத்தது. என்னை மடக்கியது அந்த ஊர்க் கடிகாரம். அதற்கு வருகிறேன்.

ஸ்பெயினில் சைக்கிள் என்றதும் பலரும் சந்தியாகோ யாத்திரைப் பாதையைத்தான் சொல்வார்கள். நல்ல பாதைதான். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது 'வியா வேர்தே', அதாவது பசுமை வழி. கைவிட்ட ரயில் தடங்களைச் செப்பனிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். 1993-இல் தொடங்கிய திட்டம், இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது அல்லவா? அதனால் அதற்குப் போட்ட வழியில் நம் முழங்காலும் பிழைத்துக்கொள்ளும்.

நான் ஓட்டியது வியா வேர்தே தே லா சியெரா. புவெர்தோ செரானோ என்ற ஊரிலிருந்து ஓல்வெரா வரை 36 கிலோமீட்டர், 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற வழிகளில் ஓடிக்கொண்டிருந்த ரயில் நின்றுபோனது, இங்கே ரயில் வரவே இல்லை. ஹெரெஸ் நகரிலிருந்து அல்மார்கென் வரை பாதை போடுவதாக 1920களில் மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், நிலையங்களைக்கூடக் கட்டினார்கள். பிறகு உள்நாட்டுப் போர், பணமுடை என்று இழுத்து இழுத்துக் கடைசியில் கைகழுவிவிட்டார்கள். ஒருவர்கூட டிக்கெட் எடுக்காத நிலையத்தின் நடைமேடையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றது எனக்கு ஏனோ மறக்கவில்லை.

ஓல்வெராவில் தொடங்கினால் மொத்தத்தில் இறக்கம். நான் அது தெரியாமல் எதிர்ப்பக்கம் தொடங்கினேன். அப்படியும் மூச்சு வாங்கவில்லை, ஏற்றம் அவ்வளவு மெதுவானது. சிரமம் சுரங்கங்களில்தான். மிக நீளமானது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். சிலவற்றில் ஆள் நுழைந்ததும் விளக்கு எரியும் ஏற்பாடு இருக்கிறது. அதை நம்பி நான் தலைவிளக்கைப் பையின் அடியில் வைத்திருந்தேன். ஒரு சுரங்கத்தில் விளக்கு எரியவில்லை. ஏப்ரல் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த பத்து நொடியில் கை தெரியவில்லை. வியர்த்த முதுகில் குளிர் ஏறுகிறது, எங்கோ தண்ணீர் சொட்டுகிறது, சக்கரத்துக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் சுவரில் பட்டு இரட்டிப்பாகத் திரும்புகிறது. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு நின்றே விட்டேன். எதிரே வந்த ஒரு குடும்பத்தின் வெளிச்சத்தில்தான் பையைத் திறந்து விளக்கைத் தேடினேன். அந்தக் குழந்தைகள் சிரித்த சிரிப்பு!

வழியில் ஸஃப்ரமாகோன் என்ற பெரும் பாறைக்குன்று வரும். அதன் இடுக்குகளில் பிணந்தின்னிக் கழுகுகள் (நம் பறவை ஆர்வலர்கள் 'பாறு' என்பார்கள்) கூட்டமாகக் கூடு கட்டியிருக்கின்றன. இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர் இருக்கும். காலை பதினொரு மணிக்கு மேல், தரை சூடாகிக் காற்று எழும்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறங்கி, இறக்கையை அசைக்காமலேயே வட்டமிட்டு மேலே போகும். அங்கே ஒரு மணி நேரம் செலவாகும், முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் பயப்படும் ஏற்றம். பாதை தட்டைதான், ஊர்கள் உச்சியில். ஓல்வெரா நிலையத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வீடுகள் குன்றின் மேல் அடுக்கி வைத்ததுபோல ஏறி, தேவாலயத்திலும் அரபுக் கோட்டையிலும் முடியும். இந்த வட்டாரத்தில் பெரும்பாலான ஊர்களுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் இதே கதை. காரணம் இல்லாமல் இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 1492 வரை காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் நடுவே எல்லை இந்தப் பகுதியில்தான் ஓடியது. ஹெரெஸ், ஆர்கோஸ், மொரோன் எல்லாவற்றுக்கும் பெயரின் பின்னால் 'தே லா ஃப்ரோந்தேரா' (எல்லையோர ஊர்) என்று ஒட்டியிருப்பது அதனால்தான். ஓல்வெரா 1327-இல் காஸ்டீல் கைக்குப் போனது. பக்கத்தில் இருக்கும் செதெனில் 1484 வரை பிடிகொடுக்கவில்லை. எதிரி ஏறிவர மூச்சு முட்டவேண்டும் என்று கட்டிய ஊர்கள். நமக்கும் முட்டுகிறது, என்ன செய்ய? தள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். நான் தள்ளிக்கொண்டு போனபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி "ஆனிமோ!" என்றார். 'தைரியமாகப் போ' என்கிற மாதிரி. இந்த வார்த்தையை நாளைக்கு நாலு தடவை கேட்பீர்கள்.

இப்போது கடிகாரம். இரண்டாம் நாள் நிதானமாக ஒன்பதரைக்குக் கிளம்பி, படம் எடுத்து, வழி தவறி, மூன்றரை மணிக்கு ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தேன். தெருவில் நாய்கூட இல்லை. மளிகைக்கடை இரண்டு மணிக்கே சாத்தியாகிவிட்டது, ஐந்துக்குப் பிறகுதான் திறக்கும். ஒரே ஒரு பார் திறந்திருந்தது, ஆனால் சமையல் முடிந்துவிட்டதாம். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் இரண்டும் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொட்டிய காப்பியுமாக அன்று ஒப்பேற்றினேன். மறுநாளிலிருந்து ஏழரைக்கே கிளம்பிவிடுவேன். பத்து மணிக்கு ஏதாவது ஒரு பாரில் தொஸ்தாதா: நீளவாக்கில் வெட்டிச் சுட்ட ரொட்டி, மேலே துருவிய தக்காளி, அதன் மேல் நாமே ஊற்றிக்கொள்ளும் ஆலிவ் எண்ணெய். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள், சுற்றி இருப்பதெல்லாம் அந்த மரம்தான். இரண்டு மணிக்குள் ஊரைப் பிடித்துவிட்டால் சூப்போ சாலட்டோ, அப்புறம் ஒரு கறி, ரொட்டி, கடைசியில் ஒரு பழம் என்று மதிய முழுச் சாப்பாடு கிடைக்கும். அதற்குமேல் உங்களுக்கும் தூக்கம்தான். சைவமாக இருந்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், 'கீரை' என்று வருவதில்கூடப் பன்றித்துண்டு கிடக்கும்.

ஓல்வெராவிலிருந்து செதெனில் பதினைந்து கிலோமீட்டர் சுமார். அங்கே பெரும் பாறை நெற்றிபோல முன்னே நீண்டிருக்கும். அதன் அடியிலேயே சுவர் எழுப்பி வீடும் கடையுமாக வாழ்கிறார்கள், கூரை அந்தப் பாறைதான். பதினொன்றுக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்துவிடும், காலையிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்து ரோந்தா. 1793-இல் முடித்த, 98 மீட்டர் உயரப் பாலத்தைப் பார்க்கலாம், ஆனால் கூட்டமும் விலையும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு இரவு போதும். அங்கிருந்து கிரஸலேமா. ஸ்பெயினில் மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று, ஆகவே மழைச்சட்டை. மறுநாள் பாலோமாஸ் கணவாய், 1,100 மீட்டருக்கு மேல். கிரஸலேமா பக்கமிருந்து ஏறினால் சில கிலோமீட்டர்தான்; மறுபக்கம் கீழே இருக்கும் ஸாரா என்ற ஊரிலிருந்து ஏறுவது உங்களுக்கும் எனக்கும் ஆகாத காரியம். உச்சி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் கீழே நீர்த்தேக்கம் பச்சையும் நீலமுமாக வந்து வந்து மறையும். பிரேக் கட்டைகளை முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

மாதம் ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வேண்டவே வேண்டாம், செவில் பக்கம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வண்டியை இங்கிருந்து தூக்கிப்போக வேண்டியதில்லை, பசுமை வழியின் இரு முனையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஊருக்கு வெளியே சாலையில் தலைக்கவசம் கட்டாயம். கார்கள் நம்மைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விடவேண்டும் என்பது அங்கே சட்டம், நான் பார்த்தவரை விடுகிறார்கள். அப்புறம் அந்தத் தலைவிளக்கு: தலையிலேயே இருக்கட்டும்.