மூங்கில் புழுவின் தலை எங்கே?

அன்புள்ள ஐயா,

கடல் வற்றியிருந்தபோது சேற்றுமணலில் ஒரு மணல் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். உள்ளே மூங்கில் குச்சி போலக் கணுக்கணுவாக ஒரு சிவந்த புழு, பாதியில் அறுந்து வந்தது. தலை புனல் மாதிரி, ஓரமெல்லாம் குட்டி விரல்கள். படம் இணைத்திருக்கிறேன். இது எந்த இனம்? அதைக் கொன்றுவிட்டேனோ என்று உறுத்தலாகவும் இருக்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தலை என்று நினைத்தது வால். மூங்கில் புழுக்கள், அதாவது மால்டனிடே குடும்பத்துப் புழுக்கள், பெரும்பாலும் குழாய்க்குள் தலைகீழாகத்தான் வாழ்கின்றன. தலை ஆழத்தில் மண்ணை விழுங்கிக்கொண்டிருக்கும், வால் மேலே வந்து கழிவைத் தள்ளும். கீழே இருக்கும் மண் இப்படியே நாள் முழுக்க மேலே வருகிறது, தண்ணீரும் காற்றும் குழாய் வழியாக உள்ளே இறங்குகின்றன. அழுகிய முட்டை வாசம் வீசும் கறுப்புச் சேற்றைக் குழாயோடு சேர்த்து வெட்டிப் பாருங்கள், குழாயை ஒட்டி மட்டும் துருநிறத்தில் ஒரு வளையம் தெரியும். அது இந்தப் புழு மூச்சுவிட்ட தடம்.

சரி, இனம். விரல்கள் வைத்த புனல் என்பதால் சாய்ந்த தட்டு வால் கொண்ட மால்டேனே பேரினம் இல்லை. அதற்கு மேல் இந்தப் படத்தை வைத்துச் சொன்னால் அது ஊகம்தான், ஏனென்றால் வேண்டிய அடையாளங்கள் மண்ணுக்குள் தங்கிவிட்டன. உதாரணத்துக்கு, அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரையில் நிறைய இருக்கும் கிளைமெனெல்லா டார்குவாட்டா என்ற மூங்கில் புழு இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயிர்க்கற்றை உள்ள கணுக்களில் நான்காவதன் முன்விளிம்பு கழுத்துப்பட்டை போல எழும்பி நிற்கும், பெயரே அதனால் வந்ததுதான், லத்தீனில் டார்குவாட்டா என்றால் கழுத்துப்பட்டை அணிந்தது. தலை, வால் எல்லாம் சேர்த்து எண்ணினால் 22 கணுக்கள்.

அந்த 22 சாதாரண எண் இல்லை. இந்த இனத்தின் நடுத்துண்டு ஒன்றை வெட்டி வைத்தால் முன்னால் போனது முன்னாலும் பின்னால் போனது பின்னாலும் முளைத்து, மறுபடி 22-இல் வந்து நிற்கும். எப்படி எண்ணுகிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். உங்கள் புழுவும் இதற்குச் சொந்தம்தான், அதனால் மண்ணுக்குள் தங்கிய பாதி பிழைத்து வால் முளைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, உறுத்தலை விடுங்கள்.

அடுத்த முறை இழுக்காதீர்கள். குழாயைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மண்வெட்டியால் கட்டியாகத் தோண்டி, தட்டில் கடல்நீர் விட்டு விரலாலேயே மெல்லக் கரையுங்கள். புழு முழுசாகக் கிடைத்தால் தலையில் இருக்கும் தட்டு, அந்த நான்காவது கணு, வால் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து, கணுக்களை எண்ணி எழுதுங்கள். அப்புறம் அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.